மரிக்கொழுந்துப் பாசி

புதன்கிழமை அந்தியில் வந்தது அந்தப் பஞ்சுக்குச்சி.
சீட்டில்: நம்புச்செல்வி, 46, சின்னப்பாலம்.
வலது கால். பாறை வெட்டு. இரண்டு நாள். சர்க்கரை உண்டு.
ஓரத்தில் டாக்டரின் கிறுக்கல்: கடல் தண்ணீர்.

அந்த இரண்டு சொல்லுக்காகத்தான்
வழக்கமான தட்டோடு
பச்சைத் தட்டையும் எடுத்தேன்.

பாம்பன் தீவோரத்துப் பாறைகளில்
விரலுக்குத் துணி சுற்றி, காலுக்குப் பழைய ரப்பர் கட்டி
மூச்சடக்கி மூச்சடக்கிப் பறிப்பார்கள்.
அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள்.
ரப்பர் நழுவிய நேரம் சிப்பி விளிம்பு கீறியிருக்கிறது.
உப்புத் தண்ணி பட்டா ஆறிரும் என்று
இன்னும் மூன்று மணி நேரம் பறித்திருக்கிறாள்.

சித்திரையில் வெந்நீராய்க் கிடக்கும் கரைக்கடலில்
அவை முன்பே இருந்தன, யார்மீதும் பகையின்றி.
நண்டின் ஓட்டில். மட்டியின் குடலில்.
வாசல் திறந்திருந்தது, வந்தன.
செல்லின் சுவரில் துளையிடும் ஒரு நஞ்சு;
துளைவழி ஒழுகியதைத் தின்று பெருகின.
விடிவதற்குள் கணுக்கால்வரை ஊதாக் கொப்புளம்.

லென்சுக்குக் கீழே, புத்தகம் சொல்வதுபோல், காற்புள்ளிகள்.
எனக்கென்னவோ
வெட்டும்போது தெறித்த நகத்துண்டுகளாகத் தெரிந்தன.

என் முடிவுக்காக யாரும் காத்திருக்கவில்லை.
அதுதான் சரி.
இரண்டு மருந்துகள் நரம்பில் இறங்கிக்கொண்டிருந்தன.
கறுத்த சதையைக் கத்தி எடுத்தது,
கூடவே சின்ன விரலையும் அதன் பக்கத்து விரலையும்.

மூன்றாம் நாள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன் தட்டை.
மருந்து வில்லைகளைச் சுற்றி
யாரும் குடியேறாத வட்டங்கள்.
ஒரு வில்லையை மட்டும் உரசிக்கொண்டு வளர்ந்திருந்தன.
யார் வீட்டில் பாதியில் நிறுத்திய மாத்திரையோ.

ஒன்பதாம் நாள் வார்டுக்குப் போய்ச் சொன்னேன்:
"உங்க கிருமிய வளக்க ஊத்துன கூழு, கடல்பாசிதான் அக்கா."
"மரிக்கொழுந்தா? கஞ்சிப்பாசியா?"
"மரிக்கொழுந்து."
எங்கள் கீழக்கரையில் நோன்பு திறக்க
ரோஸ் ஊற்றிக் காய்ச்சி, ஆறவைத்து
வில்லை வில்லையாக வெட்டுவதும்
இதன் உறவுதான் என்றேன்.
"அப்ப என்னயக் கடிச்சதுக்கு
நாந்தான் சோறு போட்டுருக்கேன்."
கொஞ்சம் யோசித்தாள்.
"அந்தத் தூளு கிலோ என்ன வெல, ஜெய்த்தூனு?"

சொன்னேன்.
சிரித்தாள், கட்டு அதிர, வலிக்க வலிக்க.
பிறகு வியாபாரி அவளுக்குத் தருவதைச் சொன்னாள்.
எனக்குச் சிரிக்க வரவில்லை.

போகும்போது எழுதிக் கொடுத்தார்கள்:
காயத்தோடு கடலில் இறங்காதே.
கீறினால் அப்போதே நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவு.
வீங்கினால் ஒரு ராத்திரிகூடப் பொறுக்காதே.
சர்க்கரை மாத்திரையை விடாதே.
மகள் வாசித்துக் காட்ட, கேட்டுவிட்டு
முதல் வரிக்கு மட்டும் பதில் சொன்னாள்:
"காயமில்லாத காலு எங்க ஊர்ல எவகிட்ட இருக்கு?"

வாசல்வரை நொண்டிப் போனவள் திரும்பி,
"தோணியில ஒரு கொடம் நல்ல தண்ணி, ஒரு சோப்பு.
அது நடக்கும்" என்றாள்.

சாயங்காலம் அவளுடைய தட்டுகளை
அழுத்தக் கொதிகலனில் அடுக்கி மூடினேன்.
நூற்றிருபத்தொரு டிகிரி, பதினைந்து நிமிடம்.
நகத்துண்டுகள் செத்தன.
பாசி உருகி மறுபடி கஞ்சியானது.
ஆறவிட்டு மூடியைத் திறந்தால்
மருந்து நெடிக்கு நடுவே
ஒரு கணம், ஒரே கணம்,
தண்ணீர் வற்றிய பாறையின் வாசம்.