ஒரு விரற்கடை

ஒச்சம்மாளின் முகம் எப்படி இருக்கும் என்று
என்னிடம் கேட்காதீர்கள்.
பதினோரு வருடம் நான் பார்த்தது முதுகு.

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் முதல் நாள்,
மாவட்டப் பள்ளிகள், மூவாயிரம் மீட்டர்.
வெறுங்காலில் வந்திருந்தாள்.
முதுகு எண் அட்டைக்கு ஊக்கு போதாமல்
ஒரு முனையைக் கருவேல முள்ளால் குத்தியிருந்தாள்.
ஏழரைச் சுற்றும் அந்த முள்
என் கண்ணுக்கு நேரே போய்க்கொண்டிருந்தது.
மறுநாள் செய்தித்தாளில் இரண்டு வரி:
முதலிடம் ஒச்சம்மாள், உசிலம்பட்டி.
இரண்டாமிடம் ரஞ்சித்குமார், கருமாத்தூர்.
ரஞ்சிதமேரி என்று திருத்தச் சொல்லி
அப்பா போட்ட கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

அந்த முதுகு எனக்கு மனப்பாடம்.
இடது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும்.
வேகம் கூட்டப்போகிறாள் என்றால்
அரைச் சுற்றுக்கு முன்பே
சடை ஆடுவது நின்றுவிடும்.
கழுத்திலிருந்து இறங்கும் வியர்வை
ஐயாயிரத்தில் ஒரு மாதிரி நனைக்கும்,
பத்தாயிரத்தில் வேறு மாதிரி.
இவ்வளவும் தெரிந்துதான் தோற்றேன்.

போடி ரயில் நின்றுபோய்
தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்ட வருடங்களில்
அந்தச் சரளைக்கல் மேட்டில்தான் ஓடிப் பழகினாள்,
வாலாந்தூர் வரைக்கும் போய்த் திரும்ப.
இருட்டில் வெளிக்கு ஒதுங்கியவர்கள்
"ஏ, வண்டி வருதுடி, எந்திரி" என்பார்களாம்.

பிறகு மாநிலம். பிறகு தேசியம்.
வடக்கே முகாம்கள், சப்பாத்தி, காய்ச்சல்,
ரயில்வேயில் வேலை,
தங்கம், தங்கம், தங்கம்.
பின்னாலேயே நான்: வெள்ளி, வெள்ளி,
ஒரு தடவை விலாப்பிடிப்பு.
கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் ஜன்னலில்
உரைகல்லோடு உட்கார்ந்திருப்பவள் சொல்கிறேன்,
அவளுடையது பித்தளை, மேலே பூச்சு.
என்னுடையதும் அதே பித்தளை.

ஆசியப் போட்டிக்குப் போனாள்.
விடுதி அறையில் ஒரு செல்போனைச் சுற்றி ஆறு தலைகள்.
காமிரா முன்னாலிருந்து எடுத்தது.
அன்றைக்குத்தான் பார்த்தேன்:
ஒரு கண் சுருங்கி, கீழுதட்டைக் கடித்து,
வட்டிக்காரன் வாசலில் நிற்பவர்கள்
வார்த்தையை விழுங்குவார்களே, அப்படி.
வலி தெரியாத ஒருத்திக்குப் பின்னால்
இத்தனை வருடம் ஓடியதாக நினைத்திருந்தேன்.
எட்டாவதாக வந்தாள்.
நாங்கள் யாரும் பேசாமல் சாப்பிடப் போனோம்.

அடுத்த வருடம் மாநிலப் போட்டி, இருபத்தொன்றாம் சுற்று.
அவள் இடது குதிகால்
தரையைத் தொட யோசிப்பது தெரிந்தது.
முந்தினேன்.
முந்தியதும் முன்னால் ஒன்றுமே இல்லை,
சிவப்புத் தடமும் வெயிலும்.
எதைப் பார்த்து ஓடுவதென்று தெரியவில்லை.
தர்மபுரிக்காரச் சிறுமி ஒருத்தி
சும்மா வாக்கிங் போவதுபோல என்னைத் தாண்டிப் போனாள்.
அன்றும் வெள்ளி.
ஒச்சம்மாள் முடிக்கவில்லை.
அதன்பிறகு எந்தப் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை.

போன மாதம் மதுரை ஜங்ஷன்.
போடி வண்டி நகர ஆரம்பித்துவிட்டது.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி
கடைசிப் பெட்டியில் தொற்றினேன்.
வாசலை அடைத்து ஒரு கறுப்புக் கோட்டு,
அந்தப் பக்கம் திரும்பி நின்று
யாருக்கோ அபராத ரசீது எழுதிக்கொண்டிருந்தது.
இடது தோள் ஒரு விரற்கடை தாழ்வு.

எனக்குப் பேச்சு வரவில்லை. மூச்சுதான் வந்தது,
இரண்டு இழுப்பு, ஒரு விடுப்பு,
பத்தாயிரத்துக்கு நான் வைத்திருந்த பழைய கணக்கு.

எழுதுகிற கை நின்றது.
திரும்பவே இல்லை அவள்.
"ரஞ்சிதமேரியா?" என்றாள்.
பிறகு,
"டிக்கெட் எடுத்தியா, இல்ல
அப்படியே ஓடியாந்துட்டியா?"

எடுத்திருக்கவில்லை.