இருப்புப் பதிவேடு

கலந்தாய்வு முடிந்த மறுநாள்
பள்ளிப்பட்டில் எல்லார் வீட்டிலும் கரண்ட் இருந்தது.
எங்கள் அலுவலகத்தில் மட்டும் இல்லை.
செங்கல்வராயன் சாரின் பணிவிடுவிப்பு ஆணை
பாதி தட்டியதோடு கணினிக்குள் செத்துக் கிடந்தது.
"நாளைக்குக் காலையில பூந்தமல்லியில நிக்கணும் மேடம்" என்றவர்
கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மேசையில் வைத்தார்,
ஸ்டூலில் ஏறினார்,
பியூஸ் கட்டையைப் பிடுங்கி ஊதினார்.
சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டுக் கம்பி.

பிரிண்டர் தொண்டையைச் செருமியது.
தன்னை அனுப்பிவைக்கும் காகிதத்தைத்
தானே சூடாக வாங்கிக்கொண்டார்.

பிறகு பதிவேடு.
டெஸ்டர் பதினான்கு, இரண்டு எரியாது.
கட்டிங் பிளேயர் ஆறு.
ரம்பச் சட்டம் ஒன்று, பிளேடு இல்லை.
மெகர் ஒன்று, தூசியோடு.
'பெற்றுக்கொண்டவர்' என்ற இடத்தில் ஆள் இல்லை.
பணியிடமும் அவரோடு போகிறதாம்.
ஆள் எழுந்தால் நாற்காலியும் எழுந்து
பின்னாலேயே நடக்கும் துறை இது.
தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார்.
நான் பி.காம்.
கையெழுத்துப் போட்டேன்.

பதினொன்றும் பன்னிரண்டுமாக இருபத்துமூன்று பேர்.
ஓமின் விதியைத் தமிழில் ஒப்பிப்பார்கள்,
சண்டையைத் தெலுங்கில் போடுவார்கள்.
அவர்களுடைய பாடவேளைக்குக் கோமளவல்லி டீச்சர் போனார்,
வணிகவியல்.
மிக்ஸி பிளக்கையே துணி சுற்றிப் பிடுங்குகிறவர்.
"மின்னோட்டம் என்றால் என்ன, பக்கம் ஏழு, எடுத்து எழுதுங்க."
எழுதினார்கள். மூன்று வாரம் எழுதினார்கள்.

ஹேமாவதியின் அம்மா தறி நிறுத்திய நேரத்தில்
தலையில் பஞ்சோடு நகரி பஸ்ஸில் வந்து இறங்கி
"கொத்த சார் எப்புடு வஸ்தாரு?" என்றாள்.
ஆடி முடிஞ்சதும் என்றேன்.
எந்த ஆடி என்று சொல்லவில்லை.

மதியம் மணி அடித்ததும் ஜன்னலில் மூன்று தலை:
ஹேமாவதி, முனிரத்தினம், குள்ள தாமு.
"மேடம், ஷெட்டு சாவி."
ஆசிரியர் இல்லாமல் ஷெட்டைத் திறக்கக் கூடாது.
அந்தச் சுற்றறிக்கையைத் தட்டியவளே நான்தான்.
சாவியைக் கொடுத்தேன்.
ஷெட்டின் பியூஸ் கட்டையை மட்டும் பிடுங்கி
என் டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டேன்.

சார் பாதியில் விட்டுப்போன பலகை,
மாடிப்படி இணைப்பு:
கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், நடுவில் பல்பு.
மாடியே இல்லாத பள்ளி எங்களுடையது.
கரண்ட் இல்லாமலே கரண்ட் படித்தார்கள்.
தாமுவின் போனில், பூந்தமல்லி ஹாரன்களுக்கு நடுவே,
சாரின் குரல் கத்தும்:
"ரெண்டு சுவிட்சுக்கும் நடுவுல ரெண்டு கம்பி ஓடணும்டா, ரெண்டு!"

ஐப்பசி மழையில் ஒரு புதிய ஆணை நனைந்து வந்தது.
கூடவே மல்லிகார்ஜுனன் சார்,
தொழிற்கல்வி, வேளாண்மை,
வேறெங்கோ உபரியானவர்.
"தொழிற்கல்விதானே" என்று தலைமையாசிரியர் கைகுலுக்கினார்.

அவர் ஷெட்டுக்குள் நின்று பலகையைப் பார்த்தார்.
பயிரைப் பார்ப்பதுபோல் குனிந்து, தொடாமல்.
"எரியுமா?"
யாருக்கும் தெரியாது.
பியூஸ் கட்டையை எடுத்துவந்தேன்,
எலுமிச்சைசாத வாசனையோடு.

முனிரத்தினம் கீழ் சுவிட்சைத் தட்டினான்.
எரிந்தது.
ஹேமாவதி மேல் சுவிட்சைத் தட்டினாள்.
அணைந்தது.
மறுபடி. மறுபடி.
தாமு ஏனோ வெளியே ஓடினான், மழையில்.

"எனக்கு மண்ணுதான் தெரியும்" என்றார் புதியவர்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
பேனாவைத் திறந்தார், எண்ணினோம்.
பிளேயர் ஆறு.
ரம்பச் சட்டம், பிளேடு இல்லாமல்.
டெஸ்டர் பதிமூன்று.
இன்னொரு முறை எண்ணினோம், பதிமூன்று.

ஹேமாவதியின் ஓவர்கோட் பையில்
பேனா செருகும் இடத்தில்
மஞ்சளாக ஏதோ தெரிந்தது.
அவள் என்னைப் பார்க்கவில்லை.

பதினான்கு, சரி, என்று எழுதினேன்.