தகவல் கிடைக்கவில்லை

மகளின் பிறப்புப் பத்திரத்தில்
அப்பா என்ற கட்டத்தில்
தகவல் கிடைக்கவில்லை என்று அடித்திருக்கிறார்கள்.
வரிசையில் நின்று, காசு கட்டி,
அதை வாங்கி வந்தவன் நான்தான்.

சுங்காய் முச்சந்தியில்
செம்பனைக் குலை ஏற்றும் லாரி என்றாலே
என்னைத் தெரியும் எல்லாருக்கும்.

அவளுக்கு இரண்டு பெயர்.
தோட்டத்தில் செண்பகவல்லி.
அட்டையில் நூர் சபீனா பிந்தி அப்துல்லா.
நான்கு வயதில்
காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்தவளைத்
தோளில் போட்டுக்கொண்டு போய்
அவள் அப்பா ஒரு மேசை முன்னால் கையெழுத்திட்டாராம்.
ஆறே மாதத்தில் அவருக்கு வேறு ஊர், வேறு குடும்பம்.
கையெழுத்து மட்டும் எங்கள் வீட்டில் குடியிருக்கிறது.

தாலி கட்டினேன்.
இரண்டாம் டிவிஷன் மாரியம்மன் கோயிலில்,
மழைக்கு ஒதுங்கியவர்களையும் சேர்த்து நாற்பது பேர் சாட்சி.
அரசாங்கக் கணக்கில் அது ஒரு மத்தியானச் சாப்பாடு.
இன்றைக்கும் இரவில் யாராவது கதவைத் தட்டினால்
விளக்கைப் போடுவதற்கு முன்னால்
செருப்பைத் தேடுகிறது என் கால்.

ஈப்போ நீதிமன்றத்துக்குத் தலையை மூடிக்கொண்டு போக வேண்டும்.
பக்கத்து வீட்டுக் காக் ஸஹாரா
தன் நீலத் தூடோங்கை எடுத்து வந்தாள்.
நாங்கள் பசியாறும் நாசி லெமாக் கடை அவளுடையதுதான்.
ஊசியை வாயில் கவ்விக்கொண்டு,
இவள் மோவாய்க்குக் கீழே தன் விரலை நுழைத்து,
குத்தினால் தன் விரலில் குத்தட்டும் என்று
பார்த்துப் பார்த்துச் செருகினாள்.
அவள் தினமும் விடியலில் தானாக அணிவது.
இவளுக்குச் சம்மன் வந்ததால்.

எனக்கு உள்ளே வேலையில்லை.
கணவன் என்று சொன்னால் வழக்கு ஒன்று கூடும்.
நடைபாதையில்
வாகன நிறுத்தச் சீட்டை எட்டாக மடித்துக்கொண்டிருந்தேன்.
உள்ளே காக் ஸஹாரா சொன்னது இவ்வளவுதானாம்:
பத்தொன்பது வருடமாகப் பக்கத்து வீடு.
ஒரு நாளும் இவள் என்னோடு நோன்பு பிடித்ததில்லை.
ஒரு நோன்பு நாளிலும்
என் கண்ணெதிரே தண்ணீர் குடித்ததும் இல்லை.
எழுதுகிறவர் நிமிர்ந்து,
கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் மாக்சிக், என்றாராம்.
மெதுவாக இன்னொரு தரம் சொன்னாளாம்.

மறுபடியும் மூன்று மாதம் ஆலோசனை வகுப்பு.
போன வருடமும் அதே வகுப்பு, அதே பச்சைக் கோப்பு.
வகுப்பெடுத்த இளம் உஸ்தாஸ் நல்ல மனிதர்.
தேநீர் வாங்கிக் கொடுத்து,
மகளுக்கு முன்பல் விழுந்ததைக்கூட விசாரித்தாராம்.
கடைசி நாளில்
நீ சொல்வது எனக்குப் புரிகிறது,
எழுதத்தான் இதில் கட்டமில்லை, என்று
தாளைத் திருப்பிக் காட்டினாராம்.

தாப்பா ஓய்விடத்தில் லாரியை நிறுத்தினேன்.
காக் ஸஹாரா தொழுகைக்குச் சூராவுக்குள் போனாள்,
கைப்பையை எங்களிடம் கொடுத்துவிட்டு.
உள்ளே அன்றைய கடை வசூல் இருந்தது,
எண்ணவில்லை என்றாள்.
செண்பகம் தூடோங்கை அவிழ்த்தாள்.
நான்காக மடித்து,
எடுப்பவர் கையில் குத்தாதபடி
ஊசியை விளிம்பில் படுக்க வைத்தாள்.
கழுத்தில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

அடுத்த தேதி மாசியில்.
திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மறுநாள்.
இந்த வருடம் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டியிருக்கிறாள்.

திரும்பி வந்த காக் ஸஹாரா
முகத்தில் ஈரத்தோடு வண்டியில் ஏறி,
விரலால் நாள் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
என்னிடம் நீளக் கை பாஜு ஒன்று இருக்கிறது.
போட்டுக்கொண்டால்
மணிக்கட்டு மஞ்சள் கயிறு வெளியே தெரியாது.

வெளியே செம்பனை வரிசைகள்,
மழை வரும்போல் கருத்துக்கொண்டு.

முக்கால் கையே இருந்தால் கொடு, காக், என்றாள் இவள்.

லாரியைக் கிளப்பி நெடுஞ்சாலைக்கு வந்து
மூன்றாவது கியர் மாற்றிய பிறகுதான்
பதில் வந்தது:

இஸ்திரி போட்டு வைக்கிறேன்.