பதினாறு புள்ளி இரண்டு

ஒரு சொட்டுக் கூழைக் கண்ணாடியில் வைத்து
மூடி அழுத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே
ஒரு கோடு விழும்.
கோடு நிற்கும் இடம்தான் இனிப்பின் அளவு.
காவேரிப்பட்டணம் சாலை மாங்கூழ் ஆலையில்
ஏழு சீசனாக எனக்கு இதுதான் வேலை.

இந்த ஜூனில்
பதினொரு நாள் ஒரே எண்ணை எழுதியிருக்கிறேன்.
பதினாறு புள்ளி இரண்டு.
போச்சம்பள்ளி லோடுக்கும் அதே, பர்கூர் லோடுக்கும் அதே,
மழையில் ஊறி வந்த பெங்களூராவுக்கும் அதே.
ஷிப்ட் இன்சார்ஜ் திம்மராயன் நோட்டைத் திருப்பிக் காட்டினார்.
கையெழுத்து என்னுடையதுதான்.
கோட்டைப் பார்த்த ஞாபகம்தான் இல்லை.

அழுதாயா என்று கேட்காதீர்கள்.
அழுகை வந்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன்.
வந்தது வேறு.
குளிக்கத் தண்ணீர் பிடிக்கப் போய்
வாளி நிரம்பி வழிவதைப் பார்த்தபடி நிற்பது.
விடியற்காலை மூன்று மணிக்கு
பைபாஸில் போகும் லாரிகளைச் சத்தம் வைத்து எண்ணுவது.
களி உருண்டையை விழுங்கும்போது
வேறு யாருக்கோ ஊட்டிவிடுவதுபோல் இருப்பது.

ரத்தம் குறைவு என்றார்கள். டானிக் குடித்தேன்.
மாமியார் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார்.
நெடி வரலை, கண்ணுதான் பட்டிருக்கு, பாத்தியா என்றார்.
எனக்கு எந்த நெடியும் ஏறாமல்
ஒரு மாதமாகியிருந்தது.

சரியாகப் பிடித்தவள் ஆறாவது படிக்கிற பூவிழி.
தலை பின்னும்போது கேட்டாள்:
"ஏம்மா, இப்பெல்லாம் நீ என்னைத் திட்டறதே இல்ல?"
சீப்பு பாதித் தலையில் நின்றது.

பெரியாஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா.
எத்தனை நாளா இப்படி?
பொங்கலுக்குக் கோலம் போட்டேனா என்று யோசித்தேன்.
மனச்சோர்வு என்று எழுதினார்.
சோம்பேறித்தனம்னு நெனச்சேன் மேடம்.
"சோம்பேறித்தனமா இருந்தா
லீவு போட்டதும் சந்தோஷமா இருக்குமே, இருந்துச்சா?"
இல்லை.
மாத்திரை கேட்க ஆரம்பிக்க மூணு வாரம் ஆகும்,
அதுவரைக்கும் மாத்திரையையும் திட்டாதீங்க,
உங்களையும் திட்டாதீங்க என்றார்.

முதல் வாரம் ஒரு டம்ளர் கழுவினேன்.
இரண்டாம் வாரம் அதையும் கழுவவில்லை.
மாதேஷுக்கு இதற்கெல்லாம் பேச்சு வராது.
கிரானைட் லோடோடு எந்த ஊரில் நின்றாலும்
ராத்திரி ஒன்பதுக்குக் கூப்பிடுவான்.
"போட்டியா?"
"போட்டேன்."
அவ்வளவுதான்.
சில நாள் அதற்காகவே போட்டேன்.

சீசன் முடிகிற வாரம் வேலைக்குத் திரும்பினேன்.
தோல் சீவும் பக்கத்துப் பவுனு
கழித்துப் போட்ட காயொன்றைக் கீறி
உப்பும் மிளகாய்த்தூளும் தடவி நீட்டினாள்.
வேண்டாம் என்று சொல்லவும் அலுப்பாயிருந்தது. கடித்தேன்.
பல் கூசியது.
ஒரு கண் தானாக இடுங்கியது.
பவுனு என் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்தாள்.
இனிப்பு இன்னும் வரவில்லை.
புளிப்புதான் முதலில் வரும் என்று
யாரும் சொல்லியிருக்கவில்லை.

அன்றைய லோடு பதினாலு புள்ளி எட்டு.
இரண்டு தரம் பார்த்து எழுதினேன்.
திம்மராயன் முகம் சுளித்தார், சுளிக்கட்டும்.

ராத்திரி ஒன்பது.
"போட்டியா?"
"போட்டேன். இன்னைக்கு மாங்கா புளிச்சுது."
அந்தப் பக்கம் லாரிகள் இரைந்தன.
"புளிப்பா? சரி உடு,
வரும்போது நல்லதா பாத்து வாங்கியாரேன்."
நான் திருத்தவில்லை.
வாங்கி வரட்டும்.