மூடி தட்டுகிறவள்

மேடை ஓரத்தில் எனக்கு ஒரு முக்காலி.
மடியில் என் வீட்டுப் பானையின் மூடி,
கையில் மரக்கரண்டி.
ஆளுக்கு ஐந்து நிமிடம்.
மின்னல் உரைகள் என்று சுவரொட்டியில் போட்டிருக்கிறார்கள்.
அப்படியென்றால்
இடி நான்தான்.

மொந்தேவிதேயோ துறைமுகத்தில் ஒரு பழைய கம்பளிக் கிடங்கு.
தகரக் கூரை. உத்திரங்களில் இன்னும் ஆட்டு வாடை.
இருநூறு நிரலாளர்கள், கக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க்,
ஒரு கையில் மாத்தே நிரப்பிய சுரைக்குடுவை.
மிச்சமுள்ள கையால் தொடையில் அடிப்பதுதான்
இங்கே கைதட்டல்.

முதலில் ஏபெர்.
கேபிள் சேரவில்லை. இன்னொரு கேபிள். அதுவும் இல்லை.
திரை நீலம், திரை கறுப்பு,
திடீரென்று அவன் மகளின் பிறந்தநாள் கேக்
சுவர் அகலத்துக்கு.
நான்காவது நிமிடத்தில் "வணக்கம்" என்றான்.
கரண்டியை ஓங்கும்போது நான் முகம் பார்ப்பதில்லை.
பார்த்தால் கை எழும்பாது.

அடுத்து ஸுல்மா,
நாற்பது ஸ்லைடு, ஒரே மூச்சு:
பேருந்து எப்போது வரும் என்று சொல்லும் பலகை
ஏன் பொய் சொல்கிறது.
எனக்குப் புரிந்த உரை அது ஒன்றுதான்.
தினமும் அந்தப் பொய்யின் கீழே நிற்கிறவள் நான்.
அவளுக்கு மட்டும் மூன்று நொடி கூடக் கொடுத்தேன்.
யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பிறகு ஒருவன் தரவுத்தளங்களைத் திட்டினான்.
ஒருவன் திட்டியவனைத் திட்டினான்.
ஒரு பையன் பயத்தில் எல்லாம் மறந்து
தன் நிரலில் தனக்கே எழுதிவைத்த குறிப்பை வாசித்தான்:
"இதைத் தொடாதே, ஏன் ஓடுகிறதென்று தெரியவில்லை."
அன்றைக்கு அதற்குத்தான் பெரிய சிரிப்பு.

ஆறாவது நிபியா.
ஸ்லைடு கிடையாது. மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
"தேதிகளை வரிசைப்படுத்த ஒரு சின்ன நிரல்.
பதினோரு வருடம் நான் பார்த்துக்கொண்டேன், சம்பளமில்லாமல்.
உடைந்தால் மட்டும் கடிதம் வரும்.
நேற்று இரவு மூடிவிட்டேன்.
வேண்டுகிறவர் எடுத்து நடத்தலாம்.
நன்றி."

ஐம்பது நொடி.
முழங்கால்மேல் என் கைபேசியில்
இன்னும் நான்கு நிமிடம் பத்து நொடி இருந்தது.
அவள் இறங்கவில்லை.
அமைப்பாளர் வாஷிங்டனைப் பார்த்தேன், தோளைக் குலுக்கினார்.
ஐந்தைத் தாண்டினால் தட்டு என்கிறது விதி.
குறைந்தால் என்ன செய்வதென்று
இருநூறு நிரலாளர் கூடிய சபையில்
ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

அப்போது மழை வந்து தகரத்தில் ஏறியது.
பின்வரிசையில் ஒருவன் மடிக்கணினியில் எதையோ தேடினான்,
தலையில் கை வைத்துக்கொண்டான்.
அவன் பக்கத்தில் ஒருத்தி தேடினாள்.
அவளுக்கு முன்னால் ஒருவன்.
வரிசை வரிசையாக முகங்கள் திரை வெளிச்சத்தில் வெளுத்தன.
எல்லார் வீட்டு அடித்தளத்திலும்
அவள் வைத்த ஒரு செங்கல்.

ஏபெர் எழுந்தான்.
பேசப்போகிறான் என்று நினைத்தேன்.
சுரைக்குடுவையில் வெந்நீர் ஊற்றி
மேடைக்குக் கொண்டுபோய் நீட்டினான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம்.
குடுவையைத் திருப்பிக் கொடுக்கையில் நன்றி என்றால்
போதும் என்று பொருள், இனி ஊற்றமாட்டார்கள்.
அவள் அடிவரை உறிஞ்சினாள்,
காலிக் குடுவை களகளவென்றது.
திருப்பிக் கொடுத்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
அவன் மறுபடி ஊற்றினான்.

நேரம் முடிந்தது.
தட்டினேன், அது என் வேலை.
மழையில் யாருக்கும் கேட்கவில்லை.
அடுத்து வந்தவன் எட்டு நிமிடம் பேசினான்,
எதைப் பற்றி என்று நினைவில்லை.
கரண்டி என் மடியிலேயே கிடந்தது.