உள்ளளவு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூர் போகும் சாலையில்
மியூசியம் ஆகிவிட்ட பழைய நெல்லறை.
கணவாய்க் காற்று கதவைச் சாத்தவிடாது.
தமிழில் சீட்டு எழுத
ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்தவள் நான்.

பதிவேட்டில் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு:
பறை, ஜோடி. பலாமரம், பித்தளைப் பட்டை.
விளிம்பைச் சுற்றித் தாமரைக்கொடி,
ஒவ்வோர் இதழிலும் உளியின் நகக்கீறல்.
உயரம் ஒன்றே. வாயகலம் ஒன்றே.
மேலேப்பாட்டு வீட்டார் நன்கொடை.
மலையாளச் சீட்டு இரட்டைகள் என்றது.
நானும் இரட்டைகள் என்றே எழுதினேன்.

துடைக்கும்போதுதான்,
நாற்பத்தொன்றின் அடியைத் தொட்டபோது
வளையல் விளிம்பில் இடித்தது.
மற்றதில் இடிக்கவில்லை.

அன்று பூட்டிய பிறகு
காவலாளி சாத்து டார்ச் பிடிக்க,
தீயணைப்பு வாளி மணலை
நாற்பத்திரண்டில் தலைதட்டி நிரப்பி
நாற்பத்தொன்றில் கவிழ்த்தேன்.
நான்கு விரல் குறைந்தது.
இன்னொரு முறை.
நான்கு விரல்.
"இதுல அளந்து குடுத்திருக்காங்க" என்றேன்.
"அதுல அளந்து வாங்கியிருக்காங்க" என்றான் சாத்து,
சிந்திய மணலைக் கையால் கூட்டியபடி.

கதை அளக்கிறாள் என்பார்கள் எங்கள் பக்கம்.
எந்தப் பறையால் என்று
யாரும் கேட்டதில்லை.

பதிவேட்டில் உயரத்துக்குக் கட்டம் உண்டு, எடைக்கு உண்டு,
கொடுத்தவர் பெயருக்கு இரண்டு கட்டம்.
உள்ளளவுக்கு இல்லை.
பங்கஜாட்சன் சாரிடம் சொன்னேன்.
சீட்டெல்லாம் அச்சாகிவிட்டது என்றார்.
திறப்புவிழாவுக்கு அந்த வீட்டிலிருந்து
ஐந்து பேர் வருகிறார்கள் என்றார்.

விழாக் காலை.
குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நிறைபறை வைக்க வேண்டும்,
நடுவில் தென்னம்பூக்குலை.
எதை எடுத்துவர, சார்?
எதுவானால் என்ன, இரண்டும் ஒன்றுதானே.

நாற்பத்தொன்றைத் தூக்கிவந்தோம்
சாத்தும் நானும்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

பறைக்கு எட்டுக் கிலோ என்று கணக்குப் பார்த்து
மில்லில் வாங்கிய நெல்.
சார் தானே கொட்டினார்.
சாக்கை உதறினார்.
உள்ளே எட்டிப் பார்த்தார்.
சாக்கை மறுபடி உதறினார்.
தென்னம்பூ ஊன்ற ஆழமில்லாமல் ஒருபக்கம் சாய்ந்தது.
வெளியே கார்க் கதவுகள்.

திட்டும்போது மட்டும் அவருக்குத் தமிழ் வரும்:
"குறைச்சு அளந்திருக்கான், திருட்டுப்பய."

மில்காரனைத்தான்.

சாத்து சைக்கிளைத் திருப்பி நின்றான்.
"இன்னும் எத்தனை கிலோ, சார்?"

"நிறையற வரைக்கும்."