செல்லும், செல்லாது

அக்டோபரின் கடைசி ஞாயிறு.
முந்தின இரவு கடிகாரங்களை ஒரு மணி நேரம்
பின்னால் தள்ளியிருந்தார்கள்.
ஃபோகல்ஸ்பெர்க் மலைச்சரிவில்,
பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்,
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே
பெட்டியைக் கவிழ்த்தார்கள்.

மாநிலத் தேர்தல் சீட்டுகள் ஒரு குவியல்.
இன்னொன்று, குளியல் துண்டு நீளத்துக்கு:
ஹெஸ்ஸன் சாசனத்தில் பதினைந்து திருத்தம்,
ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை.
குழந்தைகளின் உரிமை,
விளையாட்டு, பண்பாடு,
அவற்றோடு அவற்றாக
மரண தண்டனையை நீக்கலாமா
என்றொரு கேள்வி.

ஹைட்ருன் வைட்செலுக்கு இது புதிதல்ல.
நிலப்பதிவு அலுவலகத்தில் இருபது வருடம்.
கடன் என்றோ தீர்ந்திருக்கும்,
அடமானம் மட்டும் பேரேட்டில் கிடக்கும்,
ரத்து செய் என்று எவரும் மனுக் கொடுக்காததால்.

நாற்பத்தாறு டிசம்பரில் மாநிலம் எழுதியது:
மிகக் கொடிய குற்றத்துக்குச் சாவு.
நாற்பத்தொன்பது மே மாதம்
கூட்டாட்சி எழுதியது:
மரண தண்டனை ஒழிந்தது.
அதே ஏட்டில் வேறோர் இடத்தில்,
அவர்கள் மொழியில் மூன்றே சொல்:
கூட்டாட்சிச் சட்டம்
மாநிலச் சட்டத்தை முறிக்கும்.

முறிக்கும் என்றுதான் இருக்கிறது.
அழிக்கும் என்றில்லை.
முறிந்த கிளை
அறுபத்தொன்பது வருடம்
தளிர்க்காமல், விழவும் விழாமல்
மரத்திலேயே தொங்கியது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது, சரி.
அதை ஏட்டிலிருந்து பறிக்க
ஒரு மாநிலத்தையே
கோட்டும் குடையுமாய் வரவழைக்க வேண்டியிருந்தது.

பக்கத்து நாற்காலியில் ஃபோல்க்மார் ட்ராய்ட்.
சாலைக்குத் தார் ஏற்றும் லாரி ஓட்டுநர்.
பதினோரு வருடத்துக்கு முன்னால்
பெட்ரோல் நிலையத்தில் இரவுப் பணியில் இருந்தாள்
அவர் தங்கை.
கல்லாவில் இருந்தது நானூற்றுப் பத்து யூரோ.
கொன்றவன் ஆயுள் கைதி.
பதினைந்தாம் வருடம் விடுதலை கேட்டு எழுதலாம்,
அதுவும் கூட்டாட்சிச் சட்டம்தான்.
ஊரில் இதை யாரும் பேசுவதில்லை.
பேசாமலிருக்க எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒன்பது மணிவாக்கில் அந்தச் சீட்டு வந்தது.
எல்லாவற்றுக்கும் ஆம்,
இலேசான, அவசரமான புள்ளடிகள்.
ஒரே ஓரிடத்தில் மட்டும் இல்லை.
அங்கே பென்சில்
தாளைக் குத்திக் கிழித்து
மறுபக்கம் போயிருந்தது.

கிழிந்தது செல்லுமா?
மாணவன் யாஸ்பர் கேட்டான்.
ஹைட்ருன் சீட்டை விளக்குக்கு நேரே தூக்கினாள்.
துளை வழியே கூடைப்பந்து வலை தெரிந்தது,
ஒரு நூல் தொங்கிக்கொண்டு.
எண்ணம் தெளிவாக இருக்கிறது, என்றாள்.
செல்லும்.

செல்லாத சட்டத்துக்கு விழுந்த
செல்லும் வாக்கு.
ஃபோல்க்மார் தன் தாளில்
ஒரு கோடு போட்டார்,
மற்றக் கோடுகளைப் போலவே நேராக.
அவர் விரல்களைப் பார்க்கக் கூடாது என்று
அவள் தெர்மாஸின் மூடியைப் பார்த்தாள்.

யாருடையதாகவும் இருக்கலாம்.
நீக்கலாம், முன்னூற்று நாற்பத்தொன்று.
வேண்டாம், அறுபத்தெட்டு.
அறுபத்தெட்டுப் பேரும்
ஒரு தங்கையைப் பறிகொடுத்தவர்கள் இல்லையே.
சிலருக்குக் கோபம், சிலருக்குப் பழக்கம்,
ஒருவேளை ஒருவர் கட்டம் தவறிப் போட்டிருப்பார்.
மேலே இருக்கும் சட்டம்
கீழே இருக்கும் சட்டத்தைத்தான் முறிக்கும்.
அதற்கும் கீழே கிடப்பதை
அது எட்டிப் பார்ப்பதில்லை.

கட்டுகளுக்கு முத்திரை வைத்தார்கள்.
யாஸ்பர் நாற்காலிகளை மடக்கினான்.
ஏதாவது கேட்க வேண்டுமே என்று
ஹைட்ருன் கேட்டாள்:
நேற்றுக் கூடுதலாகக் கிடைத்ததே ஒரு மணி நேரம்,
அதை என்ன செய்தீர்கள்?

விழித்திருந்தேன், என்றார் ஃபோல்க்மார்.
காபிக் கோப்பைகளை
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி
எடுத்துக்கொண்டு போனார்.